எழுவாய் இல்லாத திருட்டு

பிறத்தியார் பணத்தை எடுத்துக்கொள்வதற்கு இங்கிலீஷ் பாஷையில் எத்தனை வார்த்தைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒரு மத்தியானம் மெனக்கெட்டு உட்கார்ந்து எண்ணினேன். எம்பெஸில்மென்ட், டிபால்கேஷன், பெகுலேஷன், மிஸ்அப்ராப்ரியேஷன், பிரீச் ஆப் டிரஸ்ட், பிராடு, சீட்டிங், ஸ்விண்டிலிங்... பதினைந்தைத் தாண்டியபோது காபி வந்துவிட்டது, நிறுத்திக்கொண்டேன். ஆனால் ஒரு விஷயம் புரிந்தது. இவற்றில் பாதி வார்த்தைகளைத் தட்டில் வைத்து ஒரு கனவானிடம் நீட்டலாம். அவர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார். 'திருடன்' என்று சொன்னால்தான் மானநஷ்ட வழக்குக்கு வக்கீலைத் தேடுவார்.

இந்த வார்த்தைகளின் பூர்வோத்தரத்தை விசாரித்தால் வேடிக்கையாக இருக்கிறது. 'எம்பெஸில்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்கு நாசம் செய்வது, வதைப்பது என்று பொருள். 'டிபால்கேஷ'னுக்குள்ளே ஒரு லத்தீன் அரிவாள் ஒளிந்திருக்கிறது; கதிரை அறுப்பது போல மொத்தத்திலிருந்து கொஞ்சம் அறுத்தெடுப்பது. 'பெகுலேஷன்' மாட்டுக் கொட்டிலிலிருந்து புறப்பட்டது. ரோமாபுரியில் ஆதியில் மாடுதான் செல்வம். அதில் என்ன அதிசயம்? நம் பழந்தமிழிலும் 'மாடு' என்றால் செல்வம்தானே! 'பாங்க்ரப்ட்' என்பது இத்தாலியச் சந்தையில் லேவாதேவிக்காரன் உட்கார்ந்திருந்த பெஞ்சி உடைந்த கதை. 'ஸ்விண்ட்லர்' ஜெர்மன்காரன், தலை சுற்றித் திரிகிறவன். வாரிசு இல்லாத சொத்து ராஜாவைச் சேரும் என்று ஒரு விதி அந்தக் காலத்து இங்கிலாந்தில் இருந்தது. அந்தச் சொத்தை வசூலிக்கப் போன உத்தியோகஸ்தர்கள் அடித்த கொட்டத்திலிருந்துதான் 'சீட்' என்ற வார்த்தை பிறந்தது. (நம் ஊரில் சீட்டுப் பிடிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அது வேறு, இது வேறு.) 'லூட்' மட்டும் நம் தேசத்துச் சரக்கு. ஹிந்துஸ்தானியிலிருந்து கம்பெனிக்காரர்கள் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். வார்த்தையை மட்டும் தனியாகக் கொண்டுபோகவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

பொய்க் கணக்கு எழுதுவதை இங்கிலீஷ்காரன் கணக்கைச் சமைப்பது என்கிறான். நாம் சமையலில் நேரத்தை வீணாக்குவதில்லை. நேரே சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறோம். சாப்பிட்டான், விழுங்கினான், முழுங்கி ஏப்பம் விட்டான். அதற்கடுத்தபடி நாம் பிடித்துக்கொண்டிருப்பது கை. கையாடல், கைவரிசை, கையூட்டு, 'அவனுக்குக் கை நீளம்', 'இவர் கை சுத்தம்' என்று எல்லாப் பழியையும் பெருமையையும் அந்த ஓர் அங்கத்தின் மேலேயே சுமத்தியிருக்கிறோம். எனக்கு இது பிடித்திருக்கிறது. கை என்றால் அது ஒரு மனிதனுடைய கை. அவனுக்குப் பெயர் இருக்கும், விலாசம் இருக்கும். 'டிபால்கேஷன்' என்ற வார்த்தைக்குள் அரிவாள்தான் இருக்கிறதே ஒழிய, அதைப் பிடித்த ஆளைக் காணோம்.

ஆளைக் காணோம் என்று சொன்னேன். எந்த ஆளைக் கண்டுபிடித்தார்கள், எந்த ஆளைக் கண்டும் காணாமல் விட்டார்கள் என்பதை இங்கிலாந்துச் சட்டப் புத்தகத்திலேயே பார்க்கலாம். 1529-ல் எட்டாவது ஹென்றி ராஜா காலத்தில் ஒரு சட்டம் வந்தது. எஜமானன் நம்பிக் கொடுத்த நகையையோ பணத்தையோ வேலைக்காரன் எடுத்துக்கொண்டால், அது 40 ஷில்லிங் பெறுமானால், மகாகுற்றம். அப்போதெல்லாம் மகாகுற்றம் என்றால் கழுத்துக்குக் கயிறு. இப்படியாக, நம்பிக்கைத் துரோகத்துக்கு முதல் முதலாகச் சட்டம் பார்த்துவைத்த முகம் வேலைக்காரன் முகம்.

அப்புறம் 1799-ல் லண்டன் பாங்கி ஒன்றில் பேஸ்லி என்று ஒரு குமாஸ்தா. வாடிக்கைக்காரர் கட்டிய பணத்தில் 100 பவுன் நோட்டு ஒன்றைப் பெட்டியில் போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வழக்கு வந்தது. ஜட்ஜுகள் கூடி யோசித்தார்கள். திருட்டு என்றால், இருந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டும். இந்த நோட்டோ பாங்கியின் பெட்டிக்குள் போகவே இல்லையே! போகாத பணத்தை எப்படித் திருட முடியும்? குமாஸ்தா தப்பித்தான். பார்லிமெண்டு பதறிப்போய் அதே வருஷம் குமாஸ்தாக்களையும் வேலைக்காரர்களையும் பிடிக்க ஒரு சட்டம் செய்தது. குமாஸ்தாவைப் பிடித்தாயிற்று. பாங்கி முதலாளியே வாடிக்கைக்காரர் பணத்தை எடுத்துக்கொண்டால்? அதைப் பற்றி அந்தச் சட்டம் பேசவில்லை. அதற்கு இன்னொரு பெரிய மனிதர் பணத்தைப் பறிகொடுக்க வேண்டியிருந்தது. பங்குத் தரகரும் பார்லிமெண்டு அங்கத்தினருமான பெஞ்சமின் வால்ஷ் என்பவரிடம் ஸர் தாமஸ் பிளமர் 20,000 பவுனுக்கு மேல் கொடுத்து சர்க்கார் பத்திரம் வாங்கித் தரச் சொன்னார். வால்ஷ் பணத்தோடு கம்பி நீட்டினார். பிளமர் யார் தெரியுமோ? சர்க்காருக்கே சட்ட ஆலோசனை சொல்கிற ஸாலிஸிட்டர் ஜெனரல்! அப்படியும் இது மகாகுற்றமாகாது என்றுதான் ஜட்ஜுகள் சொன்னார்கள். அதற்குப் பிறகு 1812-ல்தான் பாங்கர், தரகர், அட்டர்னி ஆகியோர் சட்டத்துக்குள் வந்தார்கள். வேலைக்காரனுக்கும் பாங்கருக்கும் நடுவே கிட்டத்தட்ட முந்நூறு வருஷம்!

நம் நாட்டுச் சட்டத்தை எழுதின மெக்காலேயை நமக்கு எத்தனையோ காரணங்களுக்காகப் பிடிக்காது. ஆனால் இந்த விஷயத்தில் அந்த மனிதருடைய தராசு நிமிர்ந்தே நின்றது. 1837-ல் அவர் தயாரித்த நகல் 1860-ல் சட்டமாகி 1862-ல் அமலுக்கு வந்தது. அதில் 408-வது பிரிவு குமாஸ்தாவுக்கும் வேலைக்காரனுக்கும். நம்பிக்கை மோசத்துக்கு ஏழு வருஷம் வரை. 409-வது பிரிவு சர்க்கார் உத்தியோகஸ்தன், பாங்கர், வியாபாரி, தரகன், அட்டர்னி ஆகியோருக்கு. ஆயுள் பரியந்தம் தீவாந்தரம் வரை. பெரிய நாற்காலிக்குப் பெரிய தண்டனை. காகிதத்தில் இப்படி எழுதியாயிற்று. இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பாங்கரைக் கூண்டில் ஏற்றும் சந்தர்ப்பம் சென்னைப் பட்டணத்துக்கு 1906-ல் வந்தது.

கடற்கரையை ஒட்டி, இன்று ராஜாஜி சாலை என்கிறோமே, அங்கே ஆர்பத்நாட் கம்பெனி இருந்தது. பாரி, பின்னி, ஆர்பத்நாட் என்று மூன்று பெயரையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். நூறு வருஷத்துப் பழைய ஸ்தாபனம். அதன் தலைவர் ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட், பட்டணத்து வர்த்தக உலகில் முன் வரிசை மனிதர். மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூடுதல் வட்டி கொடுத்தார்கள். கேட்க வேண்டுமா? ஜமீன்தார், வக்கீல், பென்ஷன் வாங்கின தாசில்தார், புருஷன் விட்டுப்போன பணத்தில் காலம் தள்ளிய விதவை எல்லோரும் அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். 'ஆர்பத்நாட்டில் இருக்கிறது' என்றால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. சர்க்கார் கஜானாவைக்கூடச் சந்தேகிப்பார்கள். துரையின் கையெழுத்தைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

லண்டனில் இந்தக் கம்பெனியின் மறுபாதி மாதிரி மாக்பாடியன் கம்பெனி என்று ஒன்று. அதை நடத்தியவர் பாட்ரிக் மாக்பாடியன். இங்கே மயிலாப்பூரிலும் தஞ்சாவூரிலும் சேர்ந்த பணத்தைக் கொண்டு அங்கே சூதாட்டத்துக்கும் வியாபாரத்துக்கும் நடுவில் இருக்கும் காரியங்களை அவர் செய்துகொண்டிருந்தார். 1906 அக்டோபரில் ஆட்டம் முடிந்தது. மாக்பாடியன் ரயிலின் முன்னே விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். அக்டோபர் 22-ஆம் தேதி, திங்கட்கிழமை, சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது, ஜனங்கள் அதை எப்படிச் சொன்னார்கள் என்பதுதான். என் பாட்டி தலைமுறை வரையில் அதற்கு 'ஆர்பத்நாட் பெயிலான வருஷம்' என்றே பெயர். பள்ளிக்கூடத்துப் பையன் கணக்கில் பெயிலாவது போல ஒரு பாங்கி பெயிலாயிற்று! பாவம், சரியாகப் படிக்கவில்லை போலிருக்கிறது. பெயிலாயிற்று, உடைந்தது, முழுகிற்று, திவாலாயிற்று, போயிற்று. இந்த வினைச்சொற்களைக் கொஞ்சம் கவனியுங்கள். தமிழ் வாத்தியார் இவற்றைச் செயப்படுபொருள் குன்றிய வினை என்பார். மழை பெய்தது, மரம் விழுந்தது என்பது போல, பாங்கி உடைந்தது. உடைத்தவன் யார் என்று கேட்க வாக்கியத்தில் இடமே இல்லை. ஆனால் ஒரு கணக்கப்பிள்ளை நூறு ரூபாயை எடுத்துவிட்டால் நம் பாஷைக்கு உடனே ரோசம் வந்துவிடுகிறது. திருடினான், கையாடினான், சுருட்டினான், அமுக்கினான்! எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் மூன்றும் கைகட்டி வந்து நிற்கின்றன. நூறு ரூபாய்க்கு இலக்கணம் உண்டு; கோடிக்கு இல்லை.

1906-ல் அந்த வாக்கியத்துக்கு ஓர் எழுவாயைத் தேடிக்கொடுக்கக் கிளம்பியவர்களில் முக்கியமானவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. மயிலாப்பூரில் ஸம்ஸ்கிருதக் கல்லூரியையும் ஆயுர்வேத வைத்தியசாலையையும் ஏற்படுத்தியவர். அரசியலில் மிதவாதி. பாரதியாரின் கட்சி அவருக்குத் துளியும் ஒத்துக்கொள்ளாது. ஆனால் பாட்டைக் கேட்டு உருகிப்போய்த் தம் செலவில் அச்சடித்து இலவசமாக வழங்கினார். அப்படிப்பட்ட முன்கோபமும் ஈரமும் சேர்ந்த பிறவி. பணத்தைப் பறிகொடுத்தவர்களின் தரப்பில் அவர் நின்றார்.

அவர்களுடைய நிலைமையைப் பாருங்கள். நம் பாஷையில் கடன் வாங்கினவனும் கடன்காரன், கொடுத்தவனும் கடன்காரன். இந்தப் பொல்லாத வார்த்தையின் முழு அர்த்தமும் அந்த மாதம் சென்னை ஜனங்களுக்கு விளங்கியிருக்கும். காலையில் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவராக எழுந்த மனிதர், சாயங்காலம் மளிகைக் கடைக்குக் கடன்காரராகப் படுத்திருப்பார். பெண்ணின் கல்யாணத்துக்கென்று போட்டவர் ஜாதகத்தைத் திருப்பி வாங்கியிருப்பார். நான் கதை எழுதுகிறவன். பெயர் கொடுத்து, தெரு கொடுத்து இவர்களை உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்திவிடலாம். வேண்டாம். அவரவர் வீட்டிலேயே விசாரித்தால் மூன்று தலைமுறைக்கு அப்பால் ஒருவர் இருப்பார்.

இன்ஸால்வென்ஸி கோர்ட்டு என்பது எழுவாயைத் தொலைப்பதற்கென்றே ஏற்பட்ட இடம். ஆஸ்தி இவ்வளவு, பாக்கி இவ்வளவு, ரூபாய்க்கு இத்தனை அணா என்று கணக்குப் பேசி அனுப்பிவிடுவார்கள். மஞ்சள் கடுதாசி கொடுத்தவன் மறுநாள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வரலாம். ஆர்பத்நாட் விவகாரம் அதோடு முடியவில்லை. கிரிமினல் கோர்ட்டுக்குப் போயிற்று. ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. பதினெட்டு மாதம் கடுங்காவல். ஆயுள் தீவாந்தரத்தைக் காகிதத்தில் வைத்திருக்கும் தேசத்தில் பதினெட்டு மாதம் என்பது சொற்பம்தான். ஆனாலும் 'ஸர்' பட்டம் பெற்ற ஒரு துரை சென்னையில் சிறைக்குப் போனார் என்பது சின்ன விஷயமில்லை. 'பாங்கி பெயிலாயிற்று' என்ற வாக்கியத்தை அடித்துவிட்டு, 'இன்னார் குற்றம் செய்தார்' என்று கோர்ட்டு எழுதிக்கொடுத்தது. பணம் திரும்பி வராதவர்களுக்கு அந்த ஒரு வரி என்ன ஆறுதல் தந்திருக்கும் என்று சிலர் கேட்கலாம். தந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஏமாந்தவனுக்குப் பணம் போன துக்கம் ஒரு பங்கு என்றால், 'நீதானே ஆசைப்பட்டுப் போட்டாய்' என்று ஊர் சொல்கிற துக்கம் மூன்று பங்கு.

கிருஷ்ணசுவாமி ஐயர் இதோடு விடவில்லை. நம் பணத்துக்கு நம்முடைய பாங்கி வேண்டும் என்று அதே 1906 நவம்பரில் பெரிய மனிதர்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். சுதேசியம் கொழுந்துவிட்ட சமயம். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் துணைக்கு வந்தார்கள். 1907 மார்ச் 5-ஆம் தேதி இந்தியன் பாங்கி பதிவாயிற்று. அந்த வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி பாரி முனையில் வியாபாரத்தைத் தொடங்கியது. பிற்பாடு அந்தப் பாங்கி கடற்கரையில் ஆர்பத்நாட் கம்பெனி இருந்த இடத்துக்கே குடிபோயிற்று. கிருஷ்ணசுவாமி ஐயர் 1909-ல் ஹைகோர்ட்டு ஜட்ஜாகி, 1911-ல் காலமாகிவிட்டார்.

இதற்குப் பிறகு நம் பாஷை திருந்தியிருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். நான் பையனாக இருந்தபோது, 1990-களில், தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் தெருவுக்கு இரண்டு பைனான்ஸ் கம்பெனிகள். கண்ணாடிக் கதவு, குளுகுளு அறை, டை கட்டிய பையன், வருஷத்துக்கு 24 சதவீதம் வட்டி. தேக்கங்கன்றுக்குப் பணம் கட்டினால் இருபது வருஷத்தில் லட்சம் லட்சமாக வெட்டி எடுக்கலாம் என்று விளம்பரம். பாண்டி பஜார்ப் பக்கம் இருந்த ஒரு கம்பெனியில் என் அத்தை தன் ரிடயர்மெண்டுப் பணத்தைப் போட்டிருந்தாள். ஒரு நாள் கண்ணாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது.

"அத்தை, யார் எடுத்துண்டு போனது?" என்று கேட்டேன்.

"யாருடா எடுத்தா? கம்பெனி முழுகிப் போயிடுத்து" என்றாள்.

வீட்டு வேலைக்காரி ஒரு தம்ளரை எடுத்துப் போனாள் என்று பத்து வருஷம் பெயர் சொல்லித் திட்டியவள் அவள்.

1997-ல் தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்க ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். டெபாசிட்டைத் திருப்பித் தராவிட்டால் கம்பெனி நிர்வாகத்துக்குப் பொறுப்பான ஒவ்வொருவரும் குற்றவாளி. பத்து வருஷம் வரை சிறை. 'ஒவ்வொருவரும்' என்று சட்டம் எழுதினவர் யாரோ, இலக்கணம் தெரிந்தவர்.

ஆனால் மேலே இருப்பவர்கள் புதுப்புது வார்த்தைகளை வார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆர்பத்நாட் சாம்பலிலிருந்து பிறந்த அதே இந்தியன் பாங்கி, 1995-96-ஆம் வருஷத்தில் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் காட்டியது. கொடுத்த கடன் திரும்பவில்லை. அதற்கு இங்கிலீஷில் 'நான்-பெர்பார்மிங் அஸெட்'. கச்சேரிக்கு வந்து பாட மறுத்த வித்வானைச் சொல்வது போல இல்லை? தமிழில் 'வாராக் கடன்' என்று மொழிபெயர்த்தார்கள். இதுவும் தானாகவே வராமல் நின்றுவிட்ட கடன்; மழை வராதது போல. (பாங்கி அப்புறம் பிழைத்து எழுந்து, 2020-ல் அலகாபாத் பாங்கியையே தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதையும் சொல்லிவிட வேண்டும்.) 2016-ல் புதிய திவால் சட்டம் வந்தது. பெரிய கம்பெனி நூறு ரூபாய்க் கடனுக்கு முப்பது ரூபாய் கொடுத்துத் தீர்த்துக்கொண்டால், மிச்சம் எழுபதுக்குப் பாங்கிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஹேர்கட்'. கடன் கொடுத்தவர் சலூனுக்குப் போய், நாற்காலியில் சாய்ந்து, கிராப்பு வெட்டிக்கொண்டு வந்ததாக ஐதீகம். இதற்குத் தமிழில் எப்போதிருந்தோ ஒரு வார்த்தை இருக்கிறது: மொட்டை. யார் அடித்தது என்ற கேள்வி அதிலேயே அடங்கியிருக்கிறது.

இந்தச் சங்கடத்தை நம் முன்னோர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் சென்னையிலிருந்து ஒரு நாளில் போய் வந்துவிடலாம். உத்தரமேரூர்க் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலைத் தேர்தல் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமா? அவன் சிற்றன்னை பிள்ளை, மாமன், மாமனார், மைத்துனன் என்று உறவு முறையை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவர்களும் கூடாது என்று விதி. பணம் எந்தப் பாதையில் போகும் என்று அந்தச் சபையாருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. 'கையாடினான்' என்று நிரூபிக்கக்கூட அவர்கள் காத்திருக்கவில்லை. கணக்குக் காட்டவில்லை என்பதே போதும்.

மயிலாப்பூரில் 1872-ல் ஆரம்பித்த இந்து பெர்மனென்ட் பண்டு என்ற நிதி, ஆர்பத்நாட் பெயிலானபோதும் பைனான்ஸ் கம்பெனிகள் முழுகினபோதும் அசையாமல் நின்றது. தாத்தா போட்ட இடத்திலேயே பேரனும் போட்டான். டெபாசிட் திரும்பி வரவில்லை என்று புகார் கிளம்பி, 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் கைதானார். குற்றம் உண்டா இல்லையா என்பதைக் கோர்ட்டுதான் சொல்ல வேண்டும், நான் சொல்லக்கூடாது. தெற்கு மாட வீதியில் அந்த ஆபீஸ் வாசலில் மடியில் பாஸ் புத்தகத்தோடு காத்திருந்த முதியவர்களைப் பத்திரிகைப் படங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அதே 2024-ல், ஜூலை முதல் தேதியிலிருந்து, மெக்காலேயின் சட்டம் போய்ப் புதுச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. பாங்கருக்கு ஆயுள் வரை என்ற பழைய தராசு மாறாமல் 316-வது பிரிவில் உட்கார்ந்திருக்கிறது. மோசடிக்கு 420 என்ற எண் போய் 318 ஆகிவிட்டது. ராஜ் கபூர் 1955-ல் படத்துக்கே பெயராக வைத்த எண். கிராமத்துப் பாட்டிக்கும் தெரிந்த ஒரே சட்டப் பிரிவு. குளத்தங்கரை டீக்கடையில் விசாரித்துப் பார்த்தேன். 318 என்று யாரும் யாரையும் இன்னும் திட்ட ஆரம்பிக்கவில்லை.